நைட் டியூட்டிக்கு நடுவே கொஞ்சம் உங்களையும் பாருங்கள்

முதலாண்டு பிஜி மருத்துவர்களுக்கு முதலில் பறிபோவது தூக்கம்தான். நைட் டியூட்டிக்கு முன் மதியம் ஒன்றரை மணி நேரமாவது படுத்துவிடுங்கள். காபியின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். விடியற்காலை 4 மணிக்குக் குடித்தால் காலைத் தூக்கம் போச்சு. டியூட்டி முடிந்த கையோடு பைக்கை எடுக்காதீர்கள். கண் சொக்கினால் டியூட்டி ரூமிலேயே 20 நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லையேல் ஆட்டோ பிடியுங்கள்.

கோட் பையில் கடலை மிட்டாய் இருக்கட்டும். மெஸ் மூடியபின் பல நாள் அதுதான் இரவுச் சாப்பாடு!

விடுப்பு கேட்கக் கூச வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பிஜி விதிகளில் ஆண்டுக்குக் குறைந்தது 20 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. பணி நெருக்கடி இல்லையென்றால் வாரம் ஒரு நாள் ஓய்வும் உண்டு. நடைமுறை வேறு என்பது ஊரறிந்தது. அதனால் அக்கா கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள். சக பிஜியிடம் டியூட்டியை மாற்றிக்கொள்ளுங்கள். பதிலுக்கு அவருடைய பொங்கல் டியூட்டி உங்கள் தலையில் விழும், அது நியாயம்தான்.

மனசு தொடர்ந்து கனத்தால் 14416. டெலி மானஸ் சேவை. கட்டணமில்லை, நள்ளிரவிலும் எடுப்பார்கள்.