இருபது வயதும் பத்து நிமிட அமைதியும்



எமது தோட்டங்களில் இருபது, இருபத்தைந்து வயதுள்ள ஒரு தம்பியையோ தங்கச்சியையோ நிறுத்தி "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "ஏதோ ஓடுது" என்ற பதில்தான் அநேகமாக வருகிறது. விடியற்காலையில் பெரட்டு, பிறகு மலை, நிறுவை, வீட்டு வேலை, இதற்கிடையில் கடன்காரர் கணக்கு. இப்படி ஓடுகிற வாழ்க்கையில் மனதை நிதானமாக வைத்திருப்பது எப்படி? இந்த இதழின் பாடம் அதுதான்.

ஏன் இந்த வயதில் இவ்வளவு பதற்றம்?

வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் இந்தப் பத்து வருஷத்துக்குள்தான் வரிசையாக வந்து நிற்கின்றன. தோட்டத்திலேயே பேர் பதிந்து இருப்பதா, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவதா, கார்மென்ட்ஸா, வெளிநாடா? கல்யாணம் எப்போது? அப்பா வாங்கிய கடனை யார் கட்டுவது? தம்பி உயர்தரம் படிக்க யார் உழைப்பது? இத்தனைக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டிய வயது இது.

போதாததற்குக் கையிலே தொலைபேசி. கூடப் படித்தவன் டுபாயில் நிற்கிற படத்தைப் பார்த்ததும், "நான் மட்டும் இங்கேயே கிடக்கிறேனே" என்று மனசு குமுறுகிறது. அவன் எத்தனை பேரோடு ஒரே அறையில் படுக்கிறான், எவ்வளவு கடனில் போனான் என்பது படத்தில் தெரியாது.

தேயிலைச் செடியைப் பாருங்கள்

நாம் தினமும் தொடுகிற செடியே இதற்கு நல்ல ஆசான். சில வருஷங்களுக்கு ஒருமுறை மலையைக் கவ்வாத்து வெட்டுகிறோம். இலை எல்லாம் போய், வெறும் குச்சியாக நிற்கும் செடி மறுபடி எதை வைத்துத் துளிர்க்கிறது? வேரில் சேர்த்து வைத்த மாச்சத்தை வைத்துத்தான். வேரில் சத்துக் குறைந்த நேரத்தில் வெட்டினால் செடி பட்டுப்போகும். அதனால்தான் கவ்வாத்துக்கு முன் வேரை அயடீன் போட்டுச் சோதித்துப் பார்க்கும் முறை இருக்கிறது. தேவைப்பட்டால் சில கிழமைகள் கொழுந்து எடுக்காமல் மலைக்கு ஓய்வும் விடுவார்கள். அந்த நாட்களில் மேலே ஒன்றும் நடக்காத மாதிரிதான் தெரியும். ஆனால் கீழே வேர் பலப்படுகிறது.

மனுஷனுக்கும் அப்படித்தான். வாழ்க்கையில் கவ்வாத்துக் கத்தி எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. வருத்தம் வரலாம், வேலை போகலாம், நம்பியவர் கைவிடலாம். அன்றைக்கு மறுபடி துளிர்க்க வேரில் ஏதாவது இருக்க வேண்டும். தினமும் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்பது அந்தச் சேமிப்பு. அதைச் சோம்பல் என்று நினைக்கக் கூடாது.

பதற்றத்தில் போடும் கையெழுத்து

மனம் பதறும்போது எடுத்த முடிவை ஆறிய மனசோடு வருஷக்கணக்கில் சுமக்க வேண்டி வருகிறது. மூன்று உதாரணம் பார்ப்போம்.

முதலாவது, தவணைக் கடன். 60,000 ரூபாய் பெறுமதியான தொலைபேசியை, மாதம் 6,000 ரூபாய் வீதம் 14 மாதம் கட்டுவதாக எடுத்தால் மொத்தம் 84,000 ரூபாய். மேலதிகமாகப் போவது 24,000 ரூபாய். அதை உங்கள் ஒரு நாள் சம்பளத்தால் பிரித்துப் பாருங்கள். எத்தனை நாள் சும்மா மலை ஏறி இறங்க வேண்டும் என்பது விளங்கும்.

இரண்டாவது, வெளிநாடு. "நாளைக்கே பாஸ்போட்டைக் கொடு, இடம் போயிரும்" என்று அவசரப்படுத்துகிறவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். அவர் அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது, கோபத்தில் வேலையை விடுவது. கங்காணியோடு வாய்ச்சண்டை வந்ததும் அன்றே மூட்டை கட்டுகிறவர்கள் உண்டு. சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும், தோட்டத்தின் பங்காக 12 வீதமும் சேர்கிறது. நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் இன்னும் 3 வீதம் போடுகிறது. போவதென்றால் போங்கள். ஆனால் அங்கத்துவ இலக்கத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போங்கள்.

இம்மூன்றுக்கும் ஒரே மருந்துதான். பெரிய முடிவை அன்றைக்கே எடுக்காதீர்கள். மூன்று இரவு தூங்கி எழுந்து பாருங்கள். நாலாம் நாளும் அதுவே சரி என்று பட்டால் செய்யுங்கள்.

லயத்தில் அமைதிக்கு எங்கே போவது?

"பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில ஆறு பேர் இருக்கோம், அமைதிக்கு எங்க போறது?" என்று நீங்கள் கேட்பது நியாயம். அதனால் செய்யக்கூடியதை மட்டும் சொல்கிறோம்.

1. வேலை முடிந்து தேத்தண்ணி குடித்த பிறகு, இஸ்தோப்பிலோ வாசல் கல்லிலோ பத்து நிமிடம் உட்காருங்கள். தொலைபேசி உள்ளேயே இருக்கட்டும்.

2. நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். மூச்சை நீளமாக விடும்போது நெஞ்சுத் துடிப்புத் தணியும். மனம் எங்காவது ஓடினால் திட்ட வேண்டாம். மறுபடி மூச்சுக்கு வந்தால் போதும்.

3. தூக்கத்தைக் குறைக்காதீர்கள். வளர்ந்தவர்களுக்கு ஏழு மணித்தியாலமாவது வேண்டும். நாலரைக்கு எழும்புகிறவர் ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். பன்னிரண்டு மணிவரை திரையைப் பார்த்தால் மிச்சம் நாலரை மணித்தியாலம்தான்.

4. சாராயம் தருவது அமைதி அல்ல, மறதி. மறந்ததெல்லாம் காலையில் தலைவலியோடு திரும்பி வரும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் "என்னா புடிச்சிருக்கு ஒனக்கு?" என்று அதட்டாதீர்கள். அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக் கொடுங்கள். முக்கியமாகப் பெண்பிள்ளைகளை நினையுங்கள். மலையில் கூடை சுமந்து வந்தவள் வீட்டில் அடுப்பையும் சுமக்கிறாள். பீலியில் தண்ணீர் எடுப்பதை அண்ணனோ தம்பியோ செய்தால், அவளுக்கும் அந்தப் பத்து நிமிடம் கிடைக்கும். ஒரு வீட்டின் அமைதி, வேலையைப் பங்குபோட்டால்தான் வரும்.

பாரம் தாங்க முடியாமல் போனால்

கிழமைக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, "செத்தா தேவல" என்ற எண்ணம் வருகிறது என்றால், பத்து நிமிடம் உட்காருவது மட்டும் போதாது. அது வெட்கப்பட வேண்டிய விஷயமும் இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. கூட இருப்பவர்கள் அப்படியான ஒருவரைத் தனியாக விடாமல், வீட்டில் உள்ள மருந்து, களைநாசினிப் போத்தல்களை அப்புறப்படுத்த வேண்டும்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. கடந்த வருஷம் நாம் அவசரத்தில் எடுத்த முடிவு எது? அதனால் என்ன செலவானது?
2. எங்கள் வீட்டில் யாருக்குக் கொஞ்சமும் ஓய்வு இல்லை? அவருடைய எந்த வேலையை யார் எடுத்துக்கொள்ளலாம்?
3. இந்தக் கிழமை எந்த நேரத்தில் எல்லோரும் தொலைபேசியை ஒதுக்கி வைக்கப் போகிறோம்?

இன்று மாலையே தொடங்கிப் பாருங்கள். பத்து நிமிடம் முடியாவிட்டால் ஐந்து நிமிடம் போதும்.