மாடு இல்லாமல் மாட்டின் ஏப்பம்

கேள்வி: எந்தத் தீவனம் கொடுத்தால் மாடு குறைவாக மீத்தேன் விடும் என்று ஆய்வகத்திலேயே கண்டுபிடிக்கிறார்களாமே? மாடு இல்லாமல் எப்படி?

பதில்: மாடே இல்லாமல் முடியாது; அதன் வயிற்றுச் சாறாவது வேண்டும். விலாப் பக்கம் அறுவை செய்து, மூடி போட்ட துளை வைத்த மாட்டிலிருந்து முதல் இரைப்பையின் சாற்றை எடுத்து, சூடு ஆறாமல் ஃபிளாஸ்கில் கொண்டுவந்து, துணியில் வடிகட்டுகிறார்கள். அதிலுள்ள நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால் கார்பன் டை ஆக்சைடு செலுத்திக்கொண்டே வேலை நடக்கும்.

ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் மெங்கே குழுவினர் 1979இல் வெளியிட்ட முறை எளிமையானது. 200 மில்லிகிராம் தீவனத் தூளையும், உப்புக் கரைசல் கலந்த சாறு 30 மில்லிலிட்டரையும் கண்ணாடி சிரிஞ்சில் இட்டு 39 டிகிரியில் வைத்தால், தோசை மாவு போலப் புளித்து, வாயு பிஸ்டனைத் தள்ளும். 24 மணி நேரத்தில் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, தீவனம் போடாத சிரிஞ்சின் அளவைக் கழித்துக்கொள்வார்கள். தீவனத்தின் செரிமானத்தை அறியவே வந்த முறை இது. வாயுவில் மீத்தேன் எவ்வளவு என்பதை வாயு குரோமட்டோகிராஃப் தனியே சொல்லும்.

சிரிஞ்ச் சொல்வதை அப்படியே நம்ப நான் தயங்குவேன். செரிமானமே படுத்துவிட்டாலும் வாயு குறையுமே! ஊறும் அமிலங்களை உறிஞ்ச அங்கே இரைப்பைச் சுவர் இல்லை. புதுத் தீவனத்துக்கு நுண்ணுயிர்கள் பழக ஒரு நாள் போதாது. அஸ்பராகாப்சிஸ் என்ற சிவப்புக் கடற்பாசி ஆஸ்திரேலிய ஆய்வகத்தில் மீத்தேனை ஏறக்குறைய முழுதாகவே நிறுத்தியது. மாடுகளிடமோ பலன் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. சில ஆய்வுகளில் மாடுகள் தீனியையே குறைத்துக்கொண்டன. பல தீவனங்களில் சிலவற்றைச் சலித்தெடுக்கத்தான் சிரிஞ்ச். பிறகு மாட்டையே மூடிய அறையில் நிறுத்தி, உள்ளே போகும் காற்றையும் வெளியே வரும் காற்றையும் அளந்தாக வேண்டும்.