ஒற்றைக்காலில் நிற்கப் பழகுவோம்

நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றில், மழைநாளில் கொழுந்து மலையில் கான் தாண்டும்போது ஒரு அக்கா சறுக்கி விழுந்துவிட்டார். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. பதுளை பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் காம்பராவுக்குள்ளேயே கிடந்தார். கட்டை வெட்டியதும், பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லையே என்று மலைக்குப் போனார். இரண்டாம் நாளே கூடையோடு மறுபடியும் விழுந்தார். (வேலை நேரத்தில் விழுந்தால் அன்றைக்கே கணக்கப்பிள்ளையிடம் சொல்லி ஆபீசில் பதிந்து வையுங்கள். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது.)

நாங்கள் பார்க்கப் போனபோது அவர் சொன்னது: "எலும்பு கூடிருச்சுங்க ஐயா. ஆனா கால் எங்க ஊனுதுன்னே தெரிய மாட்டேங்குது."

அவர் சொன்னது சரி. கண்ணை மூடிக்கொண்டாலும் நமது பாதம் எப்படித் திரும்பியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். மூட்டிலும் தசையிலும் உள்ள நுண்ணிய நரம்புகள் மூளைக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. கண்ணும் உட்காதும் அதற்குத் துணை. அடிபட்டு நெடுநாள் கட்டுக்குள் கிடந்த காலில் தசை மெலிந்துவிடும், சேதியும் பிந்தி வரும். எலும்பு கூடினாலும் நிதானம் தானாகத் திரும்பாது, அதைப் பழக்கித்தான் எடுக்க வேண்டும். 1965இல் ஃபிரீமன் என்ற ஆங்கிலேய வைத்தியர், கணுக்கால் பிசகியவர்களை ஆடும் பலகையில் நிற்கப் பழக்கினார். அப்படிப் பழகியவர்களுக்குக் கால் மடங்குவது குறைந்தது.

நம்மவர்களின் விருட்சாசனமும் இந்த வேலையைத்தான் செய்கிறது. மரம்போல ஒற்றைக்காலில் நிற்பது. மாமல்லபுரத்துப் பாறையில் ஒரு தவசி இப்படி நிற்பதை ஏழாம் நூற்றாண்டிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

யோகாசனமே வாழ்க்கையாக இருந்தவருக்கும் இந்தச் சோதனை வந்தது. பி.கே.எஸ். ஐயங்கார் (1918–2014) உலகமெங்கும் சீடர்களைக் கொண்டவர். 1979இல் சில மாத இடைவெளியில் இரண்டு ஸ்கூட்டர் விபத்துகளில் சிக்கினார். தோள், முதுகெலும்பு, முழங்கால் எல்லாம் பாதிக்கப்பட்டன. அப்போது அவருக்கு வயது அறுபது. அதுவரை சுலபமாகச் செய்த ஆசனங்களே வரவில்லை. சுவர், கயிறு, மரக்கட்டை என்று பிடித்துக்கொண்டு, புதிதாகப் படிப்பவர்போல் பல வருடம் உழைத்தார். அப்பேர்ப்பட்டவரே சுவரைப் பிடித்தார் என்றால் நமக்கென்ன வெட்கம்?

முதலில், அந்தக் காலில் முழுப் பாரம் ஊன்றலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். சொல்லாமல் தொடங்க வேண்டாம். பிறகு இஸ்தோப்பில், காய்ந்த சமதரையில், வெறுங்காலோடு சுவரோரம் நில்லுங்கள். தைலம் தடவிய காலோடு நின்றால் வழுக்கும். கொஞ்ச நாள் இரண்டு காலிலும் நின்று, பாரத்தை மெல்ல மெல்ல அடிபட்ட கால் பக்கம் சாய்த்துப் பாருங்கள். பிறகு மற்றக் காலின் குதியைத் தூக்கி, பெருவிரல் மட்டும் தரையில் தொடட்டும். அது நடுங்காமல் வந்த பிறகுதான் பாதத்தைத் தூக்கிக் கெண்டைக்காலின் உட்பக்கம் வைக்க வேண்டும். முழங்காலின் பக்கவாட்டில் ஒருபோதும் வைக்கக்கூடாது. எதிரே அசையாத ஒன்றைப் பாருங்கள், மூச்சை அடக்காதீர்கள். ஐந்து எண்ணும் வரை நின்றால் போதும். நல்ல காலுக்கும் அதே பயிற்சி வேண்டும்.

அலுப்பு இருக்கலாம். சுரீரென்ற வலி வந்தாலோ, மறுநாள் காலையில் வீங்கியிருந்தாலோ ஒரு படி பின்னுக்குப் போங்கள், வீக்கம் வடியாவிட்டால் டிஸ்பென்சரிக்குப் போங்கள். தலைசுற்றல் உள்ளவர்களும், சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்களும், பிள்ளைத்தாய்ச்சிகளும் தனியாகச் செய்யவே வேண்டாம். பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களையும் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள், தெரியும்!

அந்த அக்கா வைத்தியரிடம் கேட்டுவிட்டு, இப்போது அந்தியில் சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்து நிற்கிறார். போன கிழமை அடிபட்ட காலில் பத்து எண்ணும் வரை நின்றார். நல்ல காலில் முப்பது. இரண்டும் நெருங்கி வரும்வரை சரிவு மலைக்கு அனுப்பாமல் மட்டமான நிரை கொடுக்கும்படி துரையிடம் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.