முதலில் விளையாட்டு, அப்புறம்தான் லேப்டாப்

மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி தாமரைக் குளத்தைத் தாண்டி, ஐயனார் கோயில் பக்கமாகச் சமணர் மலைக்கு ஏறுகிற படிகள் எனக்கு மனப்பாடம். எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் 2010இல் தொடங்கிய பசுமை நடை என்ற நடைக்குழுவோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்து பழகிய கால்கள் என்னுடையவை. 2025 பிப்ரவரியில் நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் மணலில் சறுக்கி வலது கணுக்கால் உடைந்தது. தகடு வைத்த டாக்டர், "மூணு மாசம் காலை ஊன்றக் கூடாது. ஆறு மாசத்துக்கு மலை ஏறுற நினைப்பே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

திருநகரில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் திருப்பரங்குன்றம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று நடக்கிறவர்களுக்குத்தான் புரியும்.

பெங்களூரில் ஐடி வேலை பார்க்கும் என் தம்பி, "அக்கா, சும்மா ரீல்ஸ் பாக்காம கேம் ஆடு" என்றான். அவன் போனில் ஏற்றிக் கொடுத்தது துப்பாக்கி விளையாட்டு. நான் கட்டில் போட்டிருந்தது ஹாலில், அம்மாவுக்குப் பக்கத்தில். பத்து நிமிடத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்து, "அந்த டமால் சத்தத்தை நிறுத்துடி, நெஞ்சு படபடங்குது" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. விழுந்து அடிபட்டவளுக்கு இன்னொருவன் விழுவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. எனக்கு வேண்டியது நடப்பதற்கு ஓர் இடம், அவ்வளவுதான். ஆயுதம் கிடையாது, எதிரி கிடையாது, யாரும் துரத்துவது கிடையாது. ஒரு தீவோ மலையோ இருக்கும், இஷ்டப்பட்ட திசையில் போகலாம். அப்படிப்பட்ட விளையாட்டுகள் நிறையவே இருக்கின்றன என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

58,000 ரூபாய்க்குக் கற்ற பாடம்

என் பெரிய தப்பைச் சொல்கிறேன். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

'ஈஸ்ட்ஷேட்' என்ற விளையாட்டின் முன்னோட்டக் காட்சியைப் பார்த்தேன். 2019இல் வந்தது. நீங்கள் ஓர் ஓவியர். இறந்துபோன அம்மா ஆசைப்பட்டுச் சொன்ன இடங்களை வரைய ஒரு தீவுக்கு வருகிறீர்கள். பலகையும் துணியும் தேடிச் சேர்த்துச் சட்டம் கட்டி, மனசுக்குப் பிடித்த இடத்தில் நின்று வரைய வேண்டும். பார்த்த அன்றே அதைத்தான் ஆடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அந்த விளையாட்டுக்கு என்ன மாதிரிக் கணினி வேண்டும் என்று பார்க்கவில்லை. தம்பியிடம் கேட்டேன். "புது லேப்டாப்புல எது வேணா ஓடும்க்கா, ரொம்ப யோசிக்காத" என்றான்.

நானும் ஒன்றை நம்பினேன்: சண்டை இல்லாத விளையாட்டு லேசாகத்தான் இருக்கும். என் பணத்தை முழுங்கியது இந்த நினைப்புதான். நிஜம் வேறு மாதிரி. சண்டை விளையாட்டில் கண் எதிரியின் மேல் இருக்கும். பின்னணியில் இருக்கிற மரத்தை யார் பார்க்கிறார்கள்? ஈஸ்ட்ஷேட் மாதிரி அமைதியான விளையாட்டில் மரமும் தண்ணீரும் வெயிலும் தூரத்து மலையும்தான் மொத்த விஷயமே. ஒவ்வொரு புல்லும் அசைய வேண்டும், அடிவானம் வரை தெரிய வேண்டும். அந்தப் பாரத்தைத் தூக்க லேப்டாப்பில் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும்.

வீட்டு மராமத்துக்கென்று எடுத்து வைத்திருந்த சீட்டுப் பணத்தோடு, ஊன்றுகோலை ஆட்டோவில் போட்டுக்கொண்டு நகரின் நடுவில் ஒரு கடைக்குப் போனேன். என்ன விளையாட்டு என்று பெயரைச் சொல்லிக் கேட்டேன். "எல்லா கேமும் ஓடும் மேடம், ஐ-ஃபைவ் இல்ல!" என்றார் விற்பனையாளர். மெல்லிசாக, அழகாக இருந்தது. 58,000 ரூபாய். வீட்டுக்கு வந்து விளையாட்டை ஏற்றினால் படம் விட்டு விட்டு நகர்கிறது. ஓர் அடி நடக்க மூன்று தடவை நிற்கிறது. அமைப்புகளை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். தண்ணீர் தகரமாயிற்று, மலை மங்கிப்போயிற்று. அம்மா சொன்ன இடத்தை வரையப் போன ஓவியருக்குப் பார்க்கவே ஒன்றுமில்லை.

மறு வாரம் கடைக்குப் போனேன். பெட்டியைப் பிரித்த பிறகு திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். "ஓடும்" என்று வாயால் சொன்னார்களே தவிர பில்லில் எழுதவில்லை. விளையாட்டுக்குக் கொடுத்த பணமும் போயிற்று. நான் விளையாட்டை வாங்கிய இணையக் கடையான ஸ்டீமில், வாங்கிய 14 நாளுக்குள், மொத்தம் 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால்தான் காரணம் கேட்காமல் திருப்பித் தருவார்கள். விதி தெளிவாகத்தான் இருக்கிறது. நான் அமைப்புகளைச் சரிசெய்கிறேன் என்று திறந்து வைத்தே 6 மணி நேரம் ஓட்டியிருந்தேன். அதுவும் ஆடிய கணக்குத்தான்.

அதனால் வரிசை இதுதான். முதலில் என்ன ஆடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அந்த விளையாட்டின் பக்கத்தில் கீழே, குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கும் தேவை என்று இரண்டு பட்டியல் இருக்கும். இரண்டாவதைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடையில் லேப்டாப்பைப் போடச் சொல்லி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) மட்டும் தெரிந்து, அதுவும் பிராசசரோடு சேர்ந்து வந்ததாக இருந்தால், தனிக் கார்டு இல்லை என்று அர்த்தம். யார் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம். "ஓடும்" என்றால் விளையாட்டின் பெயரோடு பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே என்னைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தனிக் கார்டு இல்லாத லேப்டாப் படம் காட்டுவதற்கும் ரேமைத்தான் பங்குபோட்டுக்கொள்ளும். எனக்கு வந்தது 8 ஜிபி, ஒரே துண்டாக. காலியாக இருந்த இடத்தில் அதே அளவில் இன்னொரு துண்டு போட்டதும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

கணக்குத் தொடங்குவது, யுபிஐயில் பணம் கட்டுவது, இறக்குவது எல்லாம் அரை மணி நேர வேலை. வீட்டுப் பிள்ளைகளே செய்து தருவார்கள். வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் ஆடிப் பார்த்து, ஓடவில்லை என்றால் உடனே திருப்பிவிடுங்கள்.

அம்மா மீன் பிடித்த மலை

என்னைக் காப்பாற்றியது ஒரு சின்ன விளையாட்டு. 'எ ஷார்ட் ஹைக்'. கனடாவின் ஆடம் ராபின்சன்-யூ உருவாக்கி 2019இல் வந்தது. 2020இல் சுயாதீன விளையாட்டு விழாவான ஐஜிஎஃப்பின் பெரும் பரிசு பெற்றது. ஒரு ஜிபிகூட இல்லை. என் லேப்டாப்பில் வெண்ணெயாக ஓடியது.

கிளேர் என்ற சின்னப் பறவைப் பெண் ஒரு முக்கியமான போனுக்காகக் காத்திருக்கிறாள். மலை உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும். ஏற வேண்டும், ஆனால் அவசரமே இல்லை. தங்க இறகுகள் சேரச் சேர இன்னும் உயரமாக ஏறலாம். வழியில் யாரோ கேட்டதைத் தேடித் தரலாம், மீன் பிடிக்கலாம், உச்சியிலிருந்து குதித்துக் கடல் வரை மிதந்து போகலாம். நேராகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாங்கள் மூன்று வாரம் ஆடினோம்.

"நாங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் அம்மா. மூன்றாம் நாள், "அந்தப் பாறைக்குப் பின்னால என்ன இருக்கு, போய்ப் பாருடி" என்று ஆரம்பித்தாள். வாரக் கடைசியில் கன்ட்ரோலரைக் கையில் வாங்கி மீன் பிடிக்கத் தொடங்கிவிட்டாள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கீபோர்டோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒயர் வைத்த சாதாரண கன்ட்ரோலர் போதும்.

அடுத்தது 'ஆல்பா'. தாத்தா பாட்டி வீட்டுக்கு லீவுக்கு வந்த சிறுமி, தீவில் உள்ள பறவைகளையும் விலங்குகளையும் போனில் படமெடுக்கிறாள். சரணாலயத்தை அழித்து ஹோட்டல் கட்டப்போவது தெரிந்ததும் ஊராரிடம் கையெழுத்து வாங்குகிறாள். கொக்கு மாதிரி ஒன்று கரையில் நின்றதும், "நம்ம கண்மாய்க் கொக்கு அங்கயும் இருக்கா?" என்றாள் அம்மா. எனக்கு அரிட்டாபட்டி நினைவு வந்தது. 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் ஊரே திரண்டது. 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. நான் விழுவதற்கு ஒரு மாதம் முன்பு. அதனால் ஆல்பாவின் கையெழுத்துத் தாள் எனக்கு வெறும் விளையாட்டாகத் தெரியவில்லை.

இடையில் 'வெண்பா'வும் ஆடினோம். கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை, 2023இல் வந்தது. சுற்றித் திரிகிற விளையாட்டு இல்லை என்றாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். இட்லித் தட்டை அடுக்கும்போது அம்மா எனக்குச் சொல்லித் தந்ததை விளையாட்டும் அப்படியே சொன்னது.

ஆடும்போது கவனிக்க வேண்டியவை

ஒருவரின் கண் வழியாகவே பார்ப்பது போன்ற விளையாட்டுகள் சிலருக்குத் தலைசுற்றலையும் குமட்டலையும் தரும். எனக்கு வந்தது. அமைப்பில் பார்வைக் கோணத்தைக் கூட்டி, கேமரா ஆட்டத்தை அணைத்துவிடுங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் ஆள் முழுசாகத் தெரிகிற விளையாட்டுக்கு மாறிவிடுங்கள்.

சித்திரை வெயிலில் மதியம் ஆடாதீர்கள். சூடு ஏறினால் லேப்டாப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தையில் வைத்தால் அடியில் காற்றுப் போகாது. நான் விடியற்காலை ஐந்தரைக்கு, வழக்கமாக மலைக்குக் கிளம்புகிற நேரத்தில், பலகைமேல் வைத்து ஆடினேன். மாதாந்திர மின்தடை நாளுக்கு முந்தின இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் முடிக்கும் வழியைக் காட்டும் வீடியோக்களைப் பார்க்காதீர்கள். தம்பி அனுப்பிய ஒன்றைப் பார்த்து இரண்டு தங்க இறகு எடுத்தேன். அந்த இரண்டும் எங்கே இருந்தன என்றே இன்று நினைவில்லை. அம்மா சொல்லித் தேடிய இடங்கள் அத்தனையும் நினைவிருக்கின்றன.

சுட்டால்தான் விளையாட்டா?

"சுடாம, ஜெயிக்காம, அது என்னக்கா கேம்?" என்று தம்பியும் கேட்டான், ஆபீசிலும் கேட்டார்கள். கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கே இருக்கிற பழங்காலச் சுடுமண் ஆட்டக்காய்களையும் வட்டச் சில்லுகளையும் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேளுங்கள். சில்லு எறிந்து தாண்டவும், பல்லாங்குழியில் முத்துப் போட்டு எடுக்கவும் எங்களுக்கு யாரையும் சுட வேண்டியிருக்கவில்லை. தம்பி, நீ படிப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்: லேப்டாப் விஷயத்தில் நீ சொன்னது தப்பு; இதிலும் நீ சொல்வது தப்பு. நாற்பத்து மூன்று வயதில் விளையாட்டுக்குச் செலவழித்தாள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அந்த மாதங்களில் நான் ஒரு நாள்கூட அழாமல் இருந்ததற்கு அவர்களில் யாரும் காரணம் இல்லை.

செப்டம்பரில் டாக்டர் சரி என்றதும் சமணர் மலைக்குப் போனேன். முழங்கால் வலி என்று அம்மா ஐயனார் கோயில் ஆலமரத்தடியிலேயே உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொரு படியாக ஏறிப் பேச்சிப்பள்ளம் வரை போய், அங்கே இருக்கிற சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களுக்கு முன்னால் மூச்சு வாங்கி நின்றேன்.

உச்சியில் கிளேருக்குப் போன் செய்தது யார் என்பதை நீங்களே ஏறித் தெரிந்துகொள்ளுங்கள். நான் போன் செய்தது அம்மாவுக்கு. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னடி தெரியுது?"

குளம், தென்னந்தோப்பு, ரோடு, அதைத் தாண்டி ஊர் என்று வரிசையாகச் சொன்னேன்.

"அதுக்குப் பின்னால?" என்றாள்.