வேர்த்தால் வெறி முறியுமா?

சில ஆண்டுகளுக்கு முன் வன்னிக் கிராமம் ஒன்றில் பெரும்போக விதைப்புக்கு முன்னர் வாய்க்கால் துப்புரவாக்கும் சிரமதானம் ஒன்றை ஒழுங்கு செய்தோம். போயா விடுமுறை நாளையே தெரிந்தெடுத்தோம். போயாவன்று மதுக்கடைகள் மூடியிருக்கும், ஆகவே குடித் தொல்லை இராது என்பது எமது கணக்கு. முதல்நாள் மாலை அக்கடைகளின் முன்னால் நிற்கும் நீண்ட வரிசையை நாம் கணக்கில் எடுக்கவில்லை.

காலை ஆறரை மணிக்கு மண்வெட்டியோடு வந்தவர்களுள் ஊரிலேயே சிறந்த வேலைகாரர் ஒருவரும் இருந்தார். முகம் வெளிறியிருந்தது. “இரவு கொஞ்சம் கூடிப்போச்சு சுவாமி. தலை இடிக்குது” என்றார். நான் சிரித்துக்கொண்டே, “பத்துக் கூடை மண் வெட்டும். வேர்க்க எல்லாம் இறங்கிப்போம்” என்றேன்.

பத்து மணியளவில் அவர் இருமுறை சத்தி எடுத்தார். “ஒன்றுமில்லை” என்று சொல்லித் திரும்பவும் வெட்டினார். சற்று நேரத்தில் மண்வெட்டி தவறி அவரது இடது பாதத்தில் இறங்கியது. காயம் ஆற ஆறு வாரம் சென்றது. அதற்குள் விதைப்பு முடிந்துவிட்டது. “நீங்கள்தானே வெட்டச் சொன்னது” என்று அவருடைய மனைவி என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் மறுமொழி இருந்திராது.

அன்று நான் சொன்னதையே எமது ஊர்களில் பலர் இன்றும் சொல்கிறார்கள். மண் வெட்டுபவரும், வலை இழுப்பவரும், மரதன் ஓட்டத்துக்கும் கரப்பந்தாட்டத்துக்கும் பயிற்சி எடுக்கும் இளைஞரும் இதை நம்புகிறார்கள். இது சரியா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. மது எவ்வழியால் வெளியேறுகிறது?

குடித்த மதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஈரலிலேயே உடைக்கப்படுகிறது. மூச்சு, சிறுநீர், வியர்வை மூன்றும் சேர்ந்து வெளியேற்றுவது எஞ்சிய சிறு பங்கை மட்டுமே. அதிலும் வியர்வையின் பங்கு மிக அற்பம். ஆகவே எவ்வளவுதான் வேர்த்தாலும் மது வேர்வையோடு போய்விடாது.

ஈரல் தன் வேகத்திலேயே வேலை செய்யும். சாதாரணமாக ஒரு மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 கிராம் வரையான மதுசாரத்தையே அது உடைக்கும். ஓடினாலும், குளித்தாலும், கடுங்கோப்பி குடித்தாலும் இவ்வேகம் குறிப்பிடத்தக்க அளவு கூடாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 375 மி.லீ. கொண்ட அரைப் போத்தல் சாராயத்தின் மதுசார அளவு நூற்றுக்கு 33.5 என்றால், அதில் ஏறத்தாழ 99 கிராம் மதுசாரம் உண்டு. ஒருவர் அதைத் தனியே குடித்தால், ஈரலுக்கு 10 முதல் 14 மணித்தியாலம் வேண்டும். இரவு எட்டு மணிக்குத் தொடங்கியவரின் இரத்தத்தில் காலை ஆறு மணிவரை, சிலருக்குப் பத்து மணிவரை, மது இருக்கும். நித்திரை கொண்டு எழும்பியதால் வெறி முறிந்தது என்று அவர் நினைப்பார். உண்மையில் சிரமதானத்துக்கு அவர் வருவது இன்னும் வெறியோடுதான்.

2. மறுநாட் காலையில் உடலின் நிலை என்ன?

நீர் குறைந்திருக்கும். சிறுநீரை அளவோடு வைத்திருக்கும் ஓமோன் ஒன்றை மது தடுக்கிறது. அதனாலேயே குடித்தவர் அடிக்கடி சிறுநீர் கழிக்கிறார். சத்தியும் எடுத்தால் நீரோடு உப்பும் போகிறது. இதன் மேல் வெயிலில் வேர்ப்பது, வற்றிய கிணற்றில் மேலும் இறைப்பதைப் போன்றது.

சீனி குறைந்திருக்கலாம். உணவில்லாத வேளையில் இரத்தத்துக்குக் குளுக்கோசு கொடுப்பது ஈரலே. மதுவை உடைத்துக்கொண்டிருக்கும்போது அவ்வேலை பின்தள்ளப்படுகிறது. இரவு சாப்பிடாமல் குடித்து, காலையில் வெறுவயிற்றோடு மண்வெட்டி பிடிப்பவருக்கு நடுக்கமும் மயக்கமும் வரும். நீரிழிவுக்கு இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு இது பேராபத்து.

நித்திரை கெட்டிருக்கும். மது விரைவில் தூங்க வைத்தாலும் பின்னிரவுத் தூக்கத்தைக் குலைக்கிறது. கவனமும் கைப்பக்குவமும் குறைகின்றன. மண்வெட்டி தவறியது இதனாலேயே.

இதயமும் தடுமாறலாம். வார இறுதியிலும் விடுமுறையிலும் மிதமிஞ்சிக் குடித்தவர்களுக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதை 1978இல் அமெரிக்க மருத்துவர்கள் விபரித்து, அதற்கு ‘விடுமுறை இதயம்’ எனப் பெயரிட்டனர். அந்நிலையில் கடும் உழைப்பு இதயத்தின் மேல் இன்னொரு சுமை.

3. செய்யவேண்டியவை

• அன்று கிணற்றில் இறங்குதல், பனை ஏறுதல், கடலுக்குப் போதல், உழவு இயந்திரம் ஓட்டுதல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஓட்டப் பயிற்சியும் வேண்டாம்.

• தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பலமுறை குடிக்க வேண்டும். உப்பிட்ட கஞ்சி நல்லது. அது நீரும் உப்பும் மாச்சத்தும் ஒருங்கே தரும். சத்தி எடுத்தவர் ஒரு பைக்கற் ஜீவனியை அதிலுள்ள அறிவுறுத்தலின்படி கொதித்தாறிய நீரில் கரைத்துக் குடிக்கலாம்.

• தலைச்சுற்றோ சத்தியோ இல்லாதவர் நிழலில் மெதுவாக நடக்கலாம். மனம் சற்றுத் தெளியும். ஆனால் மதுவை அது விரட்டாது.

• தலையிடிக்கென்று பரசிற்றமோலை அளவுக்கு மேல் விழுங்கக்கூடாது. குடித்த ஈரலை அது கெடுக்கும். அஸ்பிரின் வயிற்றைப் புண்படுத்தும்.

• ‘முறிக்கிறதுக்கு’ என்று காலையில் இன்னொரு மிடறு குடிப்பது துன்பத்தைப் பிற்போடுமேயன்றித் தீர்க்காது.

4. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவர்கள்

வெயிலில் உடல் கொதித்து, பேச்சுத் தடுமாறுபவர் அல்லது விழுந்தவர்: இது வெப்பத்தாக்கு. நிழலில் கிடத்தி, உடலை நனைத்து, விசிறியபடியே கொண்டுசெல்லுங்கள்.

கசிப்புக் குடித்த மறுநாள் கண் மங்குகிறது, வெண்புகை போலத் தெரிகிறது என்பவர்: அது மெதனோல் நஞ்சாக இருக்கலாம். சில மணித்தியாலம் நலமாக இருந்த பின்னரே இந்நஞ்சு வெளிப்படும். தாமதித்தால் பார்வையும் உயிரும் போகும்.

நாள்தோறும் குடிப்பவர் ஒருநாள் நிறுத்தியதும் கைகால் நடுங்கி வேர்ப்பவர்: இதைச் சாதாரண மறுநாள் தலையிடி என எண்ணவேண்டாம். வலிப்பு வரக்கூடும். குடியை விட விரும்பும் இவரை வேலைக்கு இழுக்காமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே உதவி.

5. குழுவின் பொறுப்பு

“அன்றாடக் கூலிக்காரன் ஒரு நாட் சம்பளத்தை எப்படி இழப்பான்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு நாளை இழக்காதிருக்க முயன்று ஒரு போகத்தை இழந்தவரை நான் கண்டிருக்கிறேன். வேலை தொடங்குமுன் தலைவர் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்க்கட்டும். ஐயமிருந்தால் தனியே அழைத்து, பலர் முன் அவமானப்படுத்தாமல் கேட்கட்டும். கஞ்சி காய்ச்சுதல், வரவு எழுதுதல், நிழலிலிருந்து கூடை கட்டுதல் போன்ற வேலைகள் எந்தச் சிரமதானத்திலும் உண்டு. ஏளனத்துக்குப் பயந்தே பலர் நோயை மறைத்து மண்வெட்டி எடுக்கிறார்கள்.

மண்வெட்டி தவறிய அவர் மறு ஆண்டு அதே வாய்க்காலுக்கு வந்தார். வேலை தொடங்குமுன், “சுவாமி, இண்டைக்கு நான் தெளிவு” என்றார். அதன் பின்னரே நான் மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கேட்கப் பழகினேன்.

குழுவில் கலந்துரையாட:

1. உமது கிராமத்தில் சம்பளநாள், போயா, கலியாணம் ஆகியவற்றின் மறுநாள் காலையில் நிகழ்ந்த விபத்துக்கள் எவை?

2. சிரமதானத்துக்கு எந்த நாளை, எந்த நேரத்தைத் தெரிவது நன்று?

3. வேலைத்தளத்தில் குடிநீர், உப்பு, ஜீவனி ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு?

4. “இண்டைக்கு ஏலாது” என்று ஒருவர் சொன்னால், நாம் அவரை எப்படி ஏற்றுக்கொள்கிறோம்?