எல்லைக்கோட்டில் நின்ற ஆசான்

நுழையும்முன்

விளையாட்டில் வென்றவரை உலகம் கொண்டாடுகிறது. அவரை வெற்றிக்கு ஆயத்தப்படுத்தியவரோ பெரும்பாலும் ஒளிப்படத்தின் ஓரத்தில் நிற்கிறார். இவ்விரு இடங்களிலும் நின்று பெருமை பெற்றவர் இந்தியக் கால்பந்து வீரர் பிரதீப் குமார் பானர்ஜி. தம் ஆசானிடம் கற்றதை அவர் தம் மாணவர்களுக்குக் கையளித்த வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் ஆட்டமும்

'பி.கே.' என்று அன்புடன் அழைக்கப்பட்ட பிரதீப் குமார் பானர்ஜி, வங்காளத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்திலுள்ள மொய்னாகுரியில் 1936ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் பிறந்தார். எஃகு நகரமான ஜாம்ஷெட்பூரில் வளர்ந்தார். பதினைந்து வயதிலேயே பீகார் அணிக்காகச் சந்தோஷ் கோப்பைப் போட்டியில் ஆடினார். வலது ஓரத்தில் விரைந்தோடிப் பந்தை வலைக்குள் செலுத்தும் ஆற்றல் அவரை விரைவில் கொல்கத்தாவுக்கு அழைத்துச் சென்றது.

அந்நகரின் கால்பந்து உலகில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கழகங்களே கோலோச்சி வந்தன. பி.கே. இம்மூன்றில் எதற்காகவும் ஆடியதில்லை. 1954இல் ஆரியன் கழகத்தில் ஆடிய அவர், அடுத்த ஆண்டு கிழக்கு இரயில்வே அணியில் சேர்ந்தார். 1967இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். 1958இல் அவ்வணி கொல்கத்தா லீக் பட்டத்தை வென்று அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. அம்மூன்று கழகங்கள் அல்லாத ஓர் அணி அப்பட்டத்தை மீண்டும் வெல்ல 61 ஆண்டுகள் ஆயின என்பதிலிருந்தே அவ்வெற்றியின் அருமை விளங்கும்.

1956ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றிருந்தார். 1960இல் உரோம் ஒலிம்பிக்கில் அணித்தலைவராகப் பொறுப்பேற்று, பிரான்சுக்கு எதிராக ஒரு கோல் அடித்தார். அவ்வாட்டம் 1–1 எனச் சமநிலையில் முடிந்தது. 1961இல் அர்ஜுனா விருது நிறுவப்பட்டபோது, அதனைப் பெற்ற முதல் கால்பந்து வீரர் அவரே.

ஜகார்த்தா தந்த பாடம்

பி.கே.யின் வாழ்வில் மறக்க இயலாத நாள் 1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியா தென்கொரியாவைச் சந்தித்தது. இசுரேலும் தைவானும் அப்போட்டியில் பங்கேற்க இந்தோனேசியா இசைவு தரவில்லை. அதனை இந்திய அலுவலர் ஒருவர் கண்டித்தமையால் மக்கள் இந்தியர்மீது சினங்கொண்டிருந்தனர். அரங்கில் கூடிய ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரின் கூச்சல் இந்திய அணிக்கு எதிராகவே எழுந்தது. முன்னர் நடந்த பிரிவு ஆட்டத்தில் தென்கொரியாவிடமே இந்தியா 0–2 எனத் தோற்றிருந்தது.

பயிற்றுநர் சையத் அப்துல் ரகீம் அப்போது புற்றுநோயால் துன்புற்றுக்கொண்டிருந்தார். தளர்ந்த உடலோடு அணியை வழிநடத்திய அவர், தமக்குப் பரிசாகத் தங்கப் பதக்கத்தை வென்று தருமாறு வீரர்களிடம் கேட்டுக்கொண்டதை அவ்வீரர்கள் பின்னாளில் நெகிழ்வுடன் நினைவுகூர்ந்தனர். காப்பாட்டத்தில் வல்லவரான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம்பட்டுத் தையல் போடப்பட்டிருந்தது. ரகீம் அவரை விலக்கவில்லை, முன்களத்திற்கு மாற்றினார். இறுதியாட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் பி.கே. முதல் கோலை அடித்தார். மூன்று நிமிடங்களில் ஜர்னைல் சிங் இரண்டாம் கோலை அடித்தார். இந்தியா 2–1 என வென்று தங்கம் பெற்றது. அடுத்த ஆண்டு ரகீம் மறைந்தார்.

ஒரு வீரரை எங்கு நிறுத்தினால் அவர் பயன்படுவார் என்று காணும் கண்ணும், அவருடைய மனத்தைத் தொடும் சொல்லும் பயிற்றுநருக்கு வேண்டும் என்பதை ஜகார்த்தா பி.கே.க்கு உணர்த்தியது.

பயிற்றுநர் பி.கே.

காயங்களால் ஆட்டத்திலிருந்து விலகிய பி.கே., பயிற்றுநர் பணியை ஏற்றார். 1970இல் பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணிக்கு ஜி. எம். எச். பாஷாவுடன் இணைந்து பயிற்சியளித்தார். அதன்பின் இன்றுவரை ஆசியப் போட்டியின் கால்பந்தில் இந்தியாவுக்குப் பதக்கம் கிட்டவில்லை.

1972இல் ஈஸ்ட் பெங்கால் அணியின் பயிற்றுநரானார். 1975இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் அவ்வணி மோகன் பகானை 5–0 என வீழ்த்தியது. அவ்வாறு தோற்ற மோகன் பகானே மறு ஆண்டு பி.கே.யைத் தன் பயிற்றுநராக்கிக்கொண்டது. ஆறு ஆண்டுகளாக ஈஸ்ட் பெங்கால் வசமிருந்த லீக் பட்டம் 1976இல் மோகன் பகானுக்கு வந்தது.

1977 செப்டம்பர் 24 அன்று பெலே இடம்பெற்ற நியூயார்க் காஸ்மாஸ் அணி, கொல்கத்தா ஈடன் கார்டன் திடலில் மோகன் பகானை எதிர்கொண்டது. உலகப் புகழ்பெற்ற வீரரைக் கண்டு தம் வீரர்கள் மருளாதவாறு பி.கே. அவர்களை ஆயத்தப்படுத்தினார். ஆட்டம் 2–2 எனச் சமநிலையில் முடிந்தது. ஐ.எஃப்.ஏ. கேடயம், ரோவர்ஸ் கோப்பை, துராந்து கோப்பை ஆகிய மூன்றையும் மோகன் பகான் அதே பருவத்தில் வென்றது.

ஆட்டத்திற்கு முன் அவர் ஆற்றிய உரைகளை வங்க மக்கள் 'வோக்கல் டானிக்' என்று அழைத்தனர். உடலுக்கு வலிமையூட்டும் மருந்தைப்போல மனத்திற்கு வலிமையூட்டும் சொல் என்பது அதன் பொருள். எனினும், சொல்லால் எல்லா ஆட்டங்களையும் வென்றுவிட இயலாது. 1982இல் தில்லியில், சொந்த மண்ணில் நடைபெற்ற ஆசியப் போட்டியின் காலிறுதியில் அவர் பயிற்சியளித்த இந்திய அணி சவுதி அரேபியாவிடம் 0–1 எனத் தோற்றது. அத்தோல்விக்குப் பின்னும் அவர் பயிற்சிப் பணியைக் கைவிடவில்லை.

1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி நடைபெற்றது. மோகன் பகானை அமல் தத்தா வழிநடத்தினார். அவரும் வீரராயிருந்து பயிற்றுநரானவரே. அவர் வகுத்த வைர வடிவ ஆட்டமுறையைப் பற்றியே எங்கும் பேச்சாக இருந்தது. ஈஸ்ட் பெங்கால் வீரர்களைக் குறித்த ஏளனச் சொற்களும் நாளேடுகளில் இடம்பெற்றன. 61 வயதான பி.கே. அச்சொற்களையே தம் வீரர்களுக்கு உந்துதலாக மாற்றினார். ஏறத்தாழ 1,31,000 பேர் கண்ட அவ்வாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது. இளைஞர் பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடித்தார்.

கற்ற ஊரில் கற்பித்தவர்

1990இல் பத்மஸ்ரீ விருதும், 2004இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் சிறப்பு விருதும் பி.கே.யைத் தேடி வந்தன. 1990களில் ஜாம்ஷெட்பூரிலுள்ள டாட்டா கால்பந்துக் கழகப் பள்ளியின் தொழில்நுட்ப இயக்குநராகப் பணியாற்றினார். சிறுவனாகப் பந்து உதைத்த ஊரிலேயே சிறுவர்களுக்குக் கற்பிக்கும் பேறு அவருக்கு வாய்த்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் கொல்கத்தாவில் அவர் மறைந்தார்.

பி.கே. அடித்த கோல்களின் கணக்கு 1967இல் முடிந்தது. ரகீமிடம் பெற்றதை அவர் பிறருக்கு வழங்கிய பணியோ அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்தது.

கற்பவை கற்றபின்

1. காயம்பட்ட ஜர்னைல் சிங்கை முன்களத்திற்கு மாற்றிய ரகீமின் முடிவைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. உம் பள்ளி அணி இறுதியாட்டத்திற்குச் செல்கிறது எனக் கொண்டு, பயிற்றுநர் ஆற்றும் ஊக்க உரையை ஒரு பக்க அளவில் எழுதுக.
3. உம் ஊரில் வீரராயிருந்து பயிற்றுநரான ஒருவரைச் சந்தித்து, அவர் தம் ஆசானிடம் கற்றவற்றைக் கேட்டுத் தொகுத்து வழங்குக.