மின்சாரம் வந்தும் எழாத குட்டிக் கணினி

கோப்பு, படம் சேமிக்க ஆரஞ்சு பை போன்ற சிறு போர்டை வீட்டில் ஓடவிட்டிருக்கிறீர்களா? மின்தடைக்குப் பிறகு அது எழவில்லை என்றால், பழுது என்று முடிவுகட்டும் முன் லினக்ஸை ஏற்றிவிடும் யு-பூட் என்ற பூட்லோடரைக் கவனியுங்கள்.

1. யு-பூட் வழக்கமாக 2 விநாடி காத்திருக்கும். அதற்குள் சீரியல் கன்சோலில் ஓர் எழுத்து வந்தாலே, யாரோ விசையைத் தட்டியதாக எண்ணி, லினக்ஸை ஏற்றாமல் => குறியோடு நின்றுவிடும். ஒன்றும் இணைக்காத ஆர்எக்ஸ் (சீரியல் உள்ளீட்டு) பின், சுற்றியுள்ள மின் இரைச்சலையே எழுத்தாக வாங்கிக்கொள்வது உண்டு.

2. உறுதிசெய்ய 3.3 வோல்ட் யுஎஸ்பி-சீரியல் கேபிள் போதும். வேகம் ஆல்வின்னர் சிப்களில் பொதுவாக 115200. ராக்சிப் போர்டுகள் பலவற்றில் 15,00,000. கேபிளைச் செருகியதும் கோளாறு மறைந்தால் இரைச்சல்மேல் சந்தேகம் கூடுகிறது.

3. ஆர்எக்ஸ் பின்னை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 3.3 வோல்ட்டுடன் இணைத்தால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். 5 வோல்ட்டில் இணைக்கவே கூடாது.

4. சால்டரிங் வேண்டாமென்றால் யு-பூட்டின் காத்திருப்பு நேரமான 'பூட்-டிலே' மதிப்பை -2 ஆக்கிச் சேமியுங்கள். யு-பூட் காத்திருக்காது, விசையையும் பார்க்காது. 0 போதாது; காத்திருக்காவிட்டாலும் விசையை ஒருமுறை பார்த்துவிடும். -1 போட்டால் நேர் எதிர்: தானாக ஏற்றுவதே நின்றுபோகும். -2, -1 இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

5. யு-பூட்டின் 'சைலண்ட்' அமைப்பு இதற்கு உதவாது. அது எழுத்துகளைத் திரையில் காட்டாது, அவ்வளவே. உள்ளீடு திறந்தேதான் இருக்கும்.

6. உள்ளீட்டை அடைக்கும் முன் திரும்பும் வழியை வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். லினக்ஸ் எழுகிறதென்றால், அதற்குள்ளிருந்தே யு-பூட் அமைப்பை மாற்றும் கருவியால் -2ஐ 2 ஆக்கலாம். லினக்ஸே எழாவிட்டால்? வேறு எஸ்டி கார்டிலிருந்து எழும் போர்டாக இருந்தால் தப்பித்தீர்கள். யு-பூட்டைத் தாங்களே கம்பைல் செய்பவர்களுக்கு என் பரிந்துரை: -2 வேண்டாம், குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தட்டினால் மட்டும் நிற்கும்படி அமையுங்கள். இரைச்சலுக்கு அந்தச் சொல் வராது; உங்களுக்கு வழியும் அடைபடாது.

7. சேமித்த அமைப்பு கெட்டுவிட்டால் யு-பூட் தன் இயல்பு மதிப்புகளுக்குத் திரும்பிவிடும். ஆகவே ரெசிஸ்டரும் இருப்பது நல்லது.

8. பூட்லோடரை அடைத்ததால் லினக்ஸின் சீரியல் லாகின் அடைபடாது. அதைத் தனியே நிறுத்த வேண்டும்.

9. பெட்டியை மூடுமுன் லினக்ஸை முறையாக நிறுத்தி, மின்சாரத்தை எடுத்துவிட்டு மீண்டும் கொடுத்துப் பாருங்கள். நாலைந்து முறையும் தானாக எழுந்தால் மட்டும் மூடுங்கள்.